கொடிக்கு மூன்று எட்டு முன்னால்

மனிதர்களை அவர் மூட்டையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். முதலில் மேலிருந்து கீழே ஒரு பார்வை. பிறகு பக்கவாட்டில் ஒன்று. குத்தூசியைச் சாக்கில் இறக்கி உள்ளே இருக்கும் நெல்லை உருவிப் பார்க்கிறவர் போல ஒரு கணம் நிற்பார். அப்புறம் உதட்டைப் பிதுக்கி ஒரே ஒரு வார்த்தை: "தேறாது."

விதை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் விதை நெல் விற்கும் கடைக்காரர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. "மேடம் கிளம்பிட்டாங்களாம்" என்று ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போன் போகும். அவ்வளவுதான், பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். கீழவாசலில் விதையும் உரமும் விற்கிற நானும் அப்படி ஷட்டரை இறக்கியவன்தான். ஆகவே, இதை அவருக்கு வேண்டியவன் எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கு யாரையுமே பிடிக்காது.

என் வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் விட்ட வாரம் அது. குறுவைக்கு நாற்று விடுகிற அவசரத்தில் கடை முழுக்க ஆட்கள் நின்றார்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கக்கத்தில் குடையுமாக உள்ளே வந்தார். ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் பரப்பி ஊதினார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

"எங்கேருந்து வந்த சரக்கு இது?"

"சான்று அட்டை இருக்கு மேடம். பாருங்க, தச்சே வந்திருக்கு."

"அட்டையா முளைக்கப்போவுது?"

கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மாதிரி எடுத்தார், மூட்டைகளுக்கு முத்திரை வைத்தார், விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பரிசோதனை முடிவும் அவர் சொன்னபடியே வந்தது. அந்தப் பருவம் முழுக்க அந்த மூட்டைகள் என் கடை வாசலை ஒட்டி, வருகிற போகிறவர்கள் எல்லாம் பார்க்க, முத்திரையோடு கிடந்தன. "முளைக்காத கடை" என்று எனக்கு ஒரு பெயரும் வந்தது. வருடக்கணக்கில் உழைத்துத்தான் அதைத் துடைத்தேன்.

பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. மருத்துவர் காலையில் நடக்கச் சொன்னார். புது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம் இருக்கிறது. செம்மண் தடம், நான்கு பக்கமும் கம்பி வேலி, ஓரத்தில் வேப்பமரங்கள். முதல் நாள் போய் அரைச் சுற்று நடப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"முதலாளி, நடுவுல நடக்காதீங்க. ஓரமாப் போங்க."

சாம்பல் நிறச் சட்டை, கறுப்புச் சுடிதார் பேன்ட், இறுக்கிப் போட்ட கொண்டை. என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து!

அன்றிலிருந்து அவர் என்னைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். நிற்க மாட்டார், திரும்ப மாட்டார். "இன்னைக்கு எத்தன ரவுண்டு முதலாளி, ஒண்ணா, முக்காலா?" என்பார். அடுத்த சுற்றில், "நடக்கிறீங்களா, கால் வலிக்குதான்னு பாக்குறீங்களா?" என்பார். எல்லாவற்றிலும் 'ங்க' இருக்கும். மரியாதையை ஒரு இம்மி குறைக்காமல் ஒரு மனிதனைத் தரையோடு தேய்க்க முடியும் என்று நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

என்னை மட்டும் என்று இல்லை. அந்த மைதானத்தில் காலை நடப்போர் சங்கம் ஒன்று இருந்தது. ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் அதற்குத் தலைவர். கடையில் சரக்கு இருக்கிறதே, பொன்னாடைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. நூறு நாள் நடந்தவருக்குப் பொன்னாடை, எடை குறைந்தவருக்குப் பொன்னாடை, ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தவருக்கும் பொன்னாடை. சங்கத்தார் இரண்டு சுற்று நடப்பார்கள், வட்டமாக நின்று கை தட்டிச் சிரிப்பார்கள், பிறகு கூட்டமாகப் போய் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் சாப்பிடுவார்கள். ஒருமுறை தலைவர் மேடத்தையும் சங்கத்தில் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நடக்கிறதுக்கு எதுக்குங்க சங்கம்? மூச்சு விடறதுக்கும் ஒண்ணு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடிப் போனார். தலைவர் சிரித்து மழுப்பினார். அவர் எதையும் சிரித்து மழுப்புகிறவர்.

கோயம்புத்தூரில் மேடத்துக்கு ஒரு மகள். இவர் இங்கே தனியாக இருந்தார். யார் வீட்டுக்கும் போகமாட்டார், யாரும் வரவும் மாட்டார்கள். சங்கத்தில் ஒருவர் பேரனுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை நீட்டியபோது, "எனக்கு அன்னைக்கு ஓட்டம் இருக்கு" என்றார். "என்னைக்கும்மா?" என்று கேட்டதற்கு, "நீங்க என்னைக்கு வச்சாலும்" என்றார்.

ஒருநாள் நான் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்க வந்து, மூன்றாவது சுற்றில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். வேர்வை ஊற்றியது. சங்கத்தார் சுற்றி நின்று, தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவர்களைப் பிளந்துகொண்டு வந்து என் தாடையைப் பிடித்து அழுத்தி வாயில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்தார்கள். மேடம்தான். நான் நிமிர்ந்து உட்காரும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாவறதா இருந்தா உங்க கடையில சாவுங்க முதலாளி. என் டிராக்ல வேணாம்" என்றார். பிறகு, ஓட்டம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி முதலிலிருந்து மறுபடியும் ஓடினார். மறுநாள் நன்றி சொல்ல ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "குளிர் ரூம்ல வச்ச பழம்" என்று பையில் திரும்பப் போட்டார்.

இவ்வளவு ஓடி என்ன செய்யப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் கேள்வி இருந்தது. கேட்கத் துணிவில்லை. ஒருநாள் நான்தான் கேட்டேன்.

"அறுபது வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்களுக்கு ஒரு மணி நேர ஓட்டம்னு ஒண்ணு இருக்கு முதலாளி. ஒரு மணி நேரத்துல எவ்வளவு தூரம் ஓடுறீங்க, அவ்வளவுதான் போட்டி. வெளிநாட்டுக்காரி ஒருத்தி என்னைக்கோ ஓடி வச்சது. இத்தன வருஷமா அப்படியே கெடக்கு."

"உலக சாதனையா மேடம்?"

"பெரிய சாதனை ஒண்ணும் இல்ல. அந்த ஓட்டத்த யாரும் அதிகம் ஓடுறதில்ல. எட்டிப் பாக்க ஆளில்லாம தரிசாக் கெடக்கு. நான் போயி உழப்போறேன்."

தான் முறியடிக்கப் போகும் சாதனையைக் கூட அவரால் மரியாதையாகப் பேச முடியவில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் மாவட்டப் போட்டிகளில் ஓடியவராம். வேலை கிடைத்ததும் நிறுத்திவிட்டார். ஓய்வு பெற்ற மறுநாள் கடைக்குப் போய் ஷூ வாங்கியிருக்கிறார்.

"ஏன் மேடம், இந்த வயசுல?"

"முப்பது வருஷம் ஊரான் சரக்கையெல்லாம் டெஸ்ட் பண்ணேன். என் சரக்க யாரு டெஸ்ட் பண்றது?"

அன்று காலை டீக்கடையில் நானும் சங்கத் தலைவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த ஒரு வாரத்துக்கு என் கடைக்கு யூரியா வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். அந்த அம்மாவால் கடை மூட நேர்ந்த இரண்டு வியாபாரிகள் போன் போட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அவர் பாட்டுக்கு ஓடினார். ஐப்பசி மழையில் மைதானம் குளமாகிவிட்டது. சங்கம் நடைக்கு விடுமுறை விட்டது. நான் ஒரு வேலையாகப் பைக்கில் போகும்போது புது ஆற்றங்கரைச் சாலையில் அவரைப் பார்த்தேன். தலையில் பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மழையில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து சேற்றுத் தண்ணீரை வாரி அவர் மேல் அடித்துவிட்டுப் போனது. துடைத்துக்கொள்ளக் கூட இல்லை. அன்று நான் சிரித்திருக்க வேண்டும். ஏனோ வண்டியை மெதுவாக்கி, அவர் பாலத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அவரே எழுதிப் போட்டு, திருச்சியிலிருந்து ஒரு நடுவரை வரவழைத்திருந்தார். நடுவர் ஒரு வாரம் முன்னதாகவே வந்து இரும்பு நாடாவால் தடத்தை அளந்தார். பழைய சாதனைக்காரி அந்த ஒரு மணி நேரத்தில் ஓடி முடித்த தூரம் எங்கள் தடத்தில் எங்கே வந்து விழும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கொடியை நட்டார். அது புறப்படும் கோட்டுக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரங்களின் பக்கம். முழுச் சுற்றுகள் அத்தனையும் முடித்து, கடைசிச் சுற்றில் அந்தக் கொடியைத் தாண்டினால் சாதனை.

"முடிவு விசில் ஊதும்போது அவங்க கால் எங்க இருக்கோ அந்த எடத்துல உடனே ஒரு மணல் பையப் போடணும். நான் அந்தப் பக்கம் கடிகாரத்தோட நிப்பேன். இந்தப் பக்கம் நிக்க ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்" என்றார் நடுவர்.

தலைவர் முன்னால் வந்தார். "நான் இருக்கேன்ல?"

"உங்களுக்கு என்னைப் புடிக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. நீங்க வேணாம்" என்றார் மேடம். சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், அதே மூட்டை பார்க்கிற பார்வை. "எனக்கு ஆகாதவரு ஒருத்தரு வேணும். முதலாளி, நீங்க நில்லுங்க. நீங்க ஒரு விரக்கடை கூட எனக்குச் சாதகமாப் போட மாட்டீங்க."

எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. அவர் தோற்கும்போது பக்கத்திலேயே நின்று பார்க்கிற இடம் அல்லவா அது? இலவசமாகக் கிடைக்கிறது, விடுவேனா?

அன்று விடியும்போது பனி மூட்டம் இருந்தது. தூசி அடங்கத் தடத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சங்கத்தார் புறப்படும் கோட்டருகே பந்தல் போட்டு, மைக் வைத்து, 'உலக சாதனைத் தாயே வருக' என்று பேனரும் கட்டியிருந்தார்கள். அவர் அதை ஒருமுறை படித்துவிட்டு, "நான் இன்னும் ஓடவே இல்ல. அவுத்துப் போடுங்க" என்றார். யாரும் அவிழ்க்கவில்லை.

நான் எதிர்ப்பக்கம், கொடியருகே தனியாக நின்றேன். கையில் மணல் பை. விசில் ஊதியது, அவர் ஓடத் தொடங்கினார்.

முதல் பத்துச் சுற்றுவரை நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அறுபத்தொரு வயது, எத்தனை நேரம் இந்த வேகம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆனபோது நடுவர் மைக்கில் நேரத்தைச் சொன்னார். மேடம் கணக்குக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. என்னைப் பார்க்கவே இல்லை, ஒரு சொல் போடவும் இல்லை. வழக்கமான ஏச்சு வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போகப் போக எனக்கு என்னவோ போல இருந்தது.

நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் பனி விலகி வெயில் வந்தது. அவர் வேகம் குறைந்தது. வலது தோள் கீழே இறங்கியது, வாய் கோணிக்கொண்டது. முன்னால் சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்து மணல் பை நனைந்தது. "தோள நிமிர்த்துங்க மேடம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், சொன்னது நான் என்று தெரிந்தது. எந்தச் சுற்றில் நான் கட்சி மாறினேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது எச்சரிக்கை விசில் ஒன்று ஊதுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அது ஊதியபோது அவர் புறப்படும் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கொடிவரை வர அந்த நேரம் போதும், சரியாகப் போதும்.

தலைவருக்கு அது முடிவு விசில் என்று தோன்றியிருக்கிறது. இரண்டு கையாலும் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் தடத்துக்குள் இறங்கி அவர் எதிரில் போய் நின்றார்.

நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. மேடம் விலகி ஓடப் பார்த்தார். பொன்னாடை அவர் கையில் சுற்றிக்கொண்டது. அவர் அதை உதறினார், தலைவரைத் தோளால் இடித்துத் தள்ளினார். தலைவர் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் இரண்டு மூன்று நொடிகள்தான். பிறகு அவர் ஓடி வந்தார். வளைவைத் திரும்பி வேப்பமரங்களின் பக்கம் நுழைந்தார். கண் கொடி மேலேயே இருந்தது. கொடிக்கு மூன்று எட்டு இருக்கும்போது முடிவு விசில் ஊதியது.

ஓடி வந்த வேகத்தில் அவர் கொடியைத் தாண்டிப் போய்விட்டார். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி குனிந்து நின்றார். எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் தலைவரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவர் மைதானத்தின் குறுக்காக இப்போதுதான் நடந்து வரத் தொடங்கியிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் மணல் பையைக் கொடிக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் வைத்தேன்.

யாரும் கேட்காமல், எனக்கு ஒரு லாபமும் இல்லாமல் நான் செய்த காரியம் என்று என் வாழ்நாளில் அது ஒன்றுதான் இருக்கும்.

மூச்சு திரும்பியதும் அவர் நடந்து வந்தார். பையைப் பார்த்தார்.

"இங்கயா இருந்தேன்?"

"ஆமா மேடம்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் மூன்று எட்டு நடந்தார். தண்ணீர் தெளித்த செம்மண்ணில் அவருடைய ஷூவின் தடம் அச்சுப் போல விழுந்திருந்தது.

"விசில் ஊதறப்ப என் கால் இங்க இருந்துச்சு. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேடம், அந்த ஆளு குறுக்க வந்தாரே. அந்த ரெண்டு செகண்டு உங்களோடது மேடம். நியாயமாப் பாத்தா நீங்க தாண்டியிருப்பீங்க."

"என்னோடதுன்னா நான் ஓடியிருப்பேன். நான் ஓடல. எடு அத."

"யாருக்கும் தெரியாது மேடம்..."

"கைல எடுன்னு சொல்றேன். எடுத்து இங்க வை." காலால் அந்தத் தடத்தைத் தொட்டுக் காட்டினார். "அன்னைக்கு நல்ல நெல்லோட பழச கலந்த. இன்னைக்கு நான் ஓடுனதோட ஓடாதத கலக்குற. உனக்கு எத எடுத்தாலும் கலக்கத்தான் தெரியுமா?"

நான் பையை எடுத்து அவர் காட்டிய தடத்தின் மேல் வைத்தேன். நடுவர் வந்தார், அளந்தார், எழுதினார். மைதானம் சாதனையில்லாமல் கலைந்தது. தலைவர் மட்டும் விடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து அதே பொன்னாடையை மேடத்துக்குப் போர்த்தினார். அவர் அதை எடுத்து முகத்தையும் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு, தடத்துக்குத் தண்ணீர் தெளித்த அம்மாவிடம், "துவைச்சுக் கட்டிக்க, நல்ல துணிதான்" என்று கொடுத்துவிட்டார். அவருக்காக வருத்தப்பட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பொன்னாடையைத் திட்டினார்கள், வெயிலைத் திட்டினார்கள், மண் தடத்தைத் திட்டினார்கள். "வெயில் எனக்கு மட்டுமா அடிச்சுது?" என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உதவி செய்யப் போனவனை இப்படியா? ஒரு மாதம் மைதானத்துக்கே போகவில்லை. கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆனால் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அவர் முத்திரை வைத்த மூட்டைகளில் நான் பழைய சரக்கைக் கலந்திருந்தது உண்மை. அதற்கு முந்தின பருவத்திலும் கலந்திருந்தேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் நாற்றங்கால் திட்டுத்திட்டாக முளைத்ததைப் பிடுங்கி எடுத்துவந்து என் கல்லாவின் மேல் போட்டுவிட்டுப் போனார். தண்ணீரும் பருவமும் போன பிறகு அவர் மறுபடி எதை விதைக்க முடியும்? அவர் எழுதிப் போட்ட புகாரின் பேரில்தான் மேடம் என் கடைக்கு வந்தார். அதை நான் அநியாயம் என்று பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும் விட்டேன்.

சர்க்கரை ஏறியது. மருத்துவர் திட்டினார். திரும்பவும் மைதானத்துக்குப் போனேன். மேடம் என்னைத் தாண்டும்போது, "வாங்க முதலாளி. செத்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். 'ங்க' திரும்பி வந்திருந்தது. நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த தையில் மறுபடியும் ஓடப்போவதாக நடுவருக்கு எழுதிவிட்டார் என்று தலைவர் சொன்னார்.

அந்தத் தையில் அந்த ஓட்டம் நடக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் இரண்டு வருடம் போல ஓடினார். எந்தச் சாதனையும் செய்யவில்லை. பிறகு முட்டியில் ஆபரேஷன் ஆகி, மகள் வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்.

நான் சொல்ல வந்தது அந்தத் தைக்கு முன்னால், ஆவணியில் ஒரு காலையைப் பற்றி. அந்த ஓட்டத்தின் சாதனைப் பட்டியலைப் போனில் அடிக்கடி எடுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்திருந்தது, எதற்கு என்று எனக்கே தெரியாமல். ஒருநாள் அதில் பெயர் மாறியிருந்தது. எத்தனையோ வருடமாக அசையாமல் கிடந்ததை எங்கோ ஒரு குளிர் நாட்டில் ஒரு பெண் முறியடித்திருந்தாள். பழைய தூரத்தைவிட ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று அதிகம். மேடத்தால் அதை எட்ட முடியாது என்று எனக்கே தெரிந்தது.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறுநாள் விடியும் முன்பே மைதானத்துக்குப் போய்விட்டேன். என்னைக் கலப்படக்காரன் என்று சொன்ன முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அவர் வந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது போனை நீட்டினேன்.

"இதப் பாத்தீங்களா மேடம்?"

கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"வயசு என்ன போட்டிருக்கு? கண்ணாடி எடுத்துட்டு வரல."

"உங்க வயசுதான் மேடம்."

விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். சுற்றுக்கு எத்தனை நொடி என்று கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. ஒருமுறை போட்டுவிட்டு நம்பாமல் மறுமுறை போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"குளிர் ஊரு மேடம் அது. நல்ல ரப்பர் டிராக்கு, கோச்செல்லாம் இருப்பாங்க. நம்ம ஊரு வெயில்ல வந்து ஓடச் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"சும்மா இருங்க" என்றார். "குளிர் ஊர்ல மட்டும் அறுபது வயசுக்கு முட்டி வலிக்காதா?"

போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அந்தப் பெண்ணின் படம் கூட இல்லை, ஒரு பெயரும் ஒரு தூரமும்தான்.

"நல்லா ஓடியிருக்கா" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"ரொம்ப நல்லா ஓடியிருக்கா, முதலாளி."

போனை என் கையில் வைத்துவிட்டுத் தடத்தில் இறங்கி ஓடத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு நெல்லுக்கோ ஒரு மனிதருக்கோ அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. சங்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நடக்கலாம் வாருங்கள் என்று தலைவர் என்னைக் கூப்பிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரி மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமையாக இருந்தது.